ஜமைக்காவுக்கு வளர்த்த சடை

என் மகன் தலையில் சடை வளர்த்ததற்குக் காரணம் ஜமைக்கா. அழகர் என்று ஊருக்குச் சொன்னது நான். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எங்கள் வீடு பட்ட பாட்டை எழுத வேண்டுமென்று ரொம்ப நாளாக நினைப்பு. எழுதினால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வரட்டும். ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது, இனி யாரிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறேன்.

எங்கள் வீடு ஆனையூரில். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். வீட்டுக்காரர் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுகிறேன். ஒரே பிள்ளை, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருடமாகத் தீபாவளி பொங்கலுக்குக்கூட ஏதாவது சாக்குச் சொல்லி வராமல் இருந்தவன், போன வருடம் வைகாசியில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், வாரேன் என்றான். முடி கொஞ்சம் வளர்த்திருக்கிறேன் என்று போனில் முன்கூட்டியே சொன்னான். அவன் சொன்ன கொஞ்சத்தை வாசல் கேட்டில் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. தோள் வரைக்கும் கயிறு கயிறாகச் சடை. சீப்பு பார்த்து வருஷக்கணக்கான தலை. எதுக்குடா இந்தக் கோலம் என்றேன். சிரித்துக்கொண்டே பையோடு உள்ளே போய்விட்டான். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்து, வெயிலில் உறைக்காதா என்று மட்டும் கேட்டார். நான் காப்பி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். கோபம் வந்தால் என் வீட்டில் முதலில் பேசுவது பாத்திரங்கள்தான்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் ரெகே என்ற சொல்லை முதல்முறையாகக் கேட்டேன். அவனாகவே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டான். பாட்டில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். கிதார் விழவேண்டிய இடத்தில் சும்மா இருந்தது. சும்மா இருக்கவேண்டிய இடத்தில் ச்சக் என்று வந்து விழுந்தது. அடியில் தடித்த தந்திக்கருவி ஒன்று அவசரமே இல்லாமல் நடந்துபோனது. என்னடா தாளம் தப்புது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, நான் சட்னி அரைக்கும்போது முணுமுணுக்கிற பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டு, இப்போது கிதாரை மட்டும் கேள் என்றான். அதே ச்சக். நான் கல்யாணமாகி வந்த புதிதில் முளைப்பாரித் திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வரும். அதில் கூட்டம் விசிலடித்துக் கேட்ட இன்னொரு பாட்டையும் போட்டான். அதிலும் அதே. நம்மூர் ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் கீபோர்டில் இந்தத் தாளத்துக்கென்று தனியாக ஒரு பட்டனே இருக்கிறதாம். எங்கேயோ கடலுக்கு நடுவில் கிடக்கும் ஒரு தீவின் தாளம் இத்தனை வருடமாக என் அடுப்படியில் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பெங்களூரில் அவனோடு அறையில் இருந்தவன் வடகிழக்கு மலை ஊர்க்காரன். அந்த ஊரில் டீக்கடையில்கூட ரெகே ஓடுமாம். அவனைக் கண்ணைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார்களாம், என் மகனை நிறத்தைச் சொல்லி. இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். ஜப்பானிலும் இதற்குக் கூட்டம் உண்டு, பிரேசிலில் உண்டு, ஆப்பிரிக்காவில் எந்த ஊர்வலத்திலும் யாராவது இதைப் பாடிக்கொண்டு போவார்கள் என்றான். அப்படி என்னதான் பாடுகிறார்கள் என்று கேட்டேன். அடிமையாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து கரும்புக்காட்டில் இறக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பாடின பாட்டு அது என்றான். உன் நிறம் அசிங்கம், உன் முடி அசிங்கம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், ஒருநாள் சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடவுள் கொடுத்த முடி இது, கடவுள் கொடுத்த நிறம் இது, என் உரிமையைக் கொடு என்று பாடினார்களாம். அதையும் யார் மேலும் வெறுப்பில்லாமல், ஆடிக்கொண்டே. இங்கிருந்து கூலிகளாய்ப் போன நம் சனங்களோடு போன சாமியார்களைப் பார்த்துத்தான் அங்கே சடை வளர்க்கும் பழக்கம் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டாம். அது உறுதியாய் யாருக்கும் தெரியாது என்றும் அவனே சொன்னான்.

அடிமைக் கப்பல் பாடத்தை நான் எத்தனையோ வருடமாக நடத்துகிறேன். ரேஷன் கடையில் லிஸ்ட் படிக்கிற மாதிரி படித்துவிட்டு, இது ஐந்து மார்க் கேள்வி, அடிக்கோடு போடுங்கள் என்பேன். அந்த மனுஷர்களின் பேரப்பிள்ளைகள் என்ன ஆனார்கள், என்ன பாடினார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் மகன் நல்ல கறுப்பு. முடி சுருள் சுருளாக, விரல் நுழையாத முடி. நிறம் முடி இரண்டுமே என்னிடமிருந்து போனது. என்னைப் பெண்பார்க்க வந்த அன்று பகலிலேயே டியூப்லைட்டைப் போட்டு அதற்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள். அந்த வெளிச்சம் இன்னும் என் உச்சந்தலையில் இருக்கிறது. அதனால் பிள்ளை பிறந்ததும் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தவள்தான். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் தினமும் காலையில் அவன் முகத்தைப் பிடித்து அப்பி, தலையில் எண்ணெயைக் கொட்டிப் படியவைத்து, அவன் அழ அழச் சீவி, மாதம் தவறாமல் ஒட்ட வெட்டவைத்து அனுப்பினேன். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாகப் போன பிள்ளையை வகுப்பில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று ஒரு வாத்தியாருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். தெரிந்தும் அப்பினேன்.

வைகாசி கடைசியில் ஒருநாள் அவன் சொன்னான். "மூணு வருசமாத்தாம்மா கண்ணாடியில என்னைய முழுசாப் பாக்குறேன்." சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குத் தட்டில் இருந்த தோசையைப் பிட்டுத் தின்றான். எனக்குத்தான் அடுப்பை அணைக்க மறந்துபோனது.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். தெரியாமல் சொல்லியிருந்தாலாவது மன்னிப்புண்டு.

வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, செல்லூரில் இருக்கிறார். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நாலு விசைத்தறி. முப்பது வருடமாகத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, தறி இல்லாத இடத்திலும் அதே குரலில்தான் பேசுவார். சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து எது என்றாலும் அவர் சொன்னதுதான் நாள். என் மகன் மேல் உயிர். சின்ன வயதில் கருவாப்பயலே என்றுதான் கொஞ்சுவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய்ப் பையோடு வந்தவர், குளித்துவிட்டுத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு என் மகன் மாடிக்குப் போவதைப் பார்த்துவிட்டார். பையை அப்படியே கீழே வைத்தார்.

"என்னத்தா இது, பிள்ளைக்குச் சடை விழுந்திருக்கு?"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்கு என்ன தோன்றியதென்றே தெரியவில்லை. யோசிப்பதற்கு முன்னால் வாய் பேசிவிட்டது. "அழகருக்கு நேர்ந்திருக்கு மதினி."

அவர் முகம் அப்படியே மாறிப்போனது. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே என்று கோபித்துக்கொண்டார். எதற்காக நேர்ந்தது என்று கேட்டார். உடம்புக்கு என்றேன். என்ன உடம்புக்கு என்றார். அங்கே ஒரு காய்ச்சல் வந்து கிடந்தான் என்றேன். ஒரு பொய் வந்தால் அதற்குத் துணைக்குப் பத்து வருகிறது. மதினி போன பிறகு வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். "பதினெட்டாம்படியான் காதுல விழுந்திருக்கும்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அழகர்கோவில் வாசலில், சாத்திய பெரிய கதவாகவே நிற்கிறார் பதினெட்டாம்படிக் கருப்பு. அழகருக்குக் காவல் அவர். எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறு என்றாலும் சொத்துத் தகராறு என்றாலும் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து சத்தியம் பண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். பொய்க்காரன் பாதி வழியிலேயே திரும்பிவிடுவான். அப்பேர்ப்பட்ட இடத்து அழகர் பெயரைச் சொல்லி, ஒரு ஜன்னல் திறந்ததற்காகப் பொய் சொன்னவள் நான். இன்றைக்கு ராத்திரிக்குள் மகனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

அதற்குள் தெருவே மாறிவிட்டது. முதல் வாரம் அவனைப் பார்த்து இடுப்பில் இடித்துக்கொண்டு சிரித்த காலேஜ் பையன்கள் வணக்கம் வைத்தார்கள். மாவு மில்லில் வரிசையில் நின்றால், நீங்க முன்னால போங்க என்றார்கள். அயர்ன் வண்டிக்காரர் அவன் சட்டையை மட்டும் இரண்டு கையால் நீட்டினார். அடுத்த தெருவில் ஒரு அம்மா, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைக்குச் சடை மேல் ஆசை போல என்று நினைத்து, குனிந்து நன்றாகப் பிடித்து இழுக்கக் கொடுத்திருக்கிறான்.

ஒருநாள் மாவு டப்பாவோடு உள்ளே வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம ஊரு மாறிருச்சும்மா. பெங்களூர்லகூட முறைச்சு முறைச்சுப் பாப்பாய்ங்க. இங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இங்கேயே இருந்துரலாமானு இருக்கு."

பெற்றவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூன்று வருடமாக எந்த வார்த்தைக்காக நான் காத்துக்கிடந்தேனோ அதை அவன் வாயாலேயே சொல்கிறான். அது நிற்பதோ என் பொய்யின் மேல். சந்தோஷமாத்தான் இருக்குடா என்று சொல்லி டப்பாவை வாங்கி வைத்தேன்.

ஜமைக்காவில் ஏழைசாதி ஜனங்கள் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி எல்லோருக்கும் பாட்டுப் போடுவார்களாம். அப்படித்தான் இந்த இசை பரவியதாம். நம்மூர் ரேடியோ செட்டுக்காரர் செய்வதுதானே இது என்றேன். அவன் கண் அகலமாகிவிட்டது. அந்த வாரமே ரேடியோ செட்டுக்காரரைப் பிடித்து இரண்டு பெட்டிகளை மாடியில் ஏற்றிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை. முதல் வாரம் நாலு பேர். மூன்றாவது வாரம் எங்கள் மாடியில் உட்கார இடமில்லை. எதிர்வீட்டம்மா, அதுதான் ஜன்னலைத் திறந்தவர், சேரைப் போட்டு உட்கார்ந்து தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இவன் தமிழில் இரண்டு வரி சொல்வான். இது வேலை கிடைக்காதவன் பாடுகிற பாட்டு, இது சண்டையை நிறுத்தச் சொல்கிற பாட்டு, இது அம்மாவை அழாதே என்று சொல்கிற பாட்டு. அந்த அம்மா பாட்டை எதிர்வீட்டம்மா இரண்டாவது தடவை போடச் சொன்னார். வீட்டுக்காரர் மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார், அதுவும் சரியான இடத்தில். எனக்குத்தான் அந்த ச்சக் எப்போதும் கைதவறிப் போகும். அந்தச் சனிக்கிழமைகள் போல எங்கள் வீடு நிறைந்திருந்ததே இல்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. மதினி மறுபடி வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். என் மகன் கூடத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். அடுத்த சித்திரைத் திருவிழா வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும், ஆடி வெள்ளியிலேயே மொட்டையைப் போட்டுவிடலாம், வேன் சொல்லியாகிவிட்டது, சொந்தத்தில் பதிமூன்று பேர் வருகிறார்கள் என்று அவனிடம் நேராகவே சொல்லிவிட்டார். யாருக்கு அத்தை மொட்டை என்று அவன் சிரித்துக்கொண்டே கேட்டது எனக்குக் கேட்டது. உனக்குத்தான், அழகருக்கு நேர்ந்து அம்புட்டு முடி வளத்திருக்கியே என்றார் மதினி.

நான் கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவன் முகத்தில் அந்த மாவு மில், அயர்ன் வண்டி, காய்ச்சல்காரப் பிள்ளை எல்லாம் ஒவ்வொன்றாக வந்துபோனது எனக்குத் தெரிந்தது. ஆனால் அத்தைக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சரி அத்தை என்றான்.

மதினி போன பிறகு கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவன் மெதுவாகப் பேசினான்.

"அப்ப இந்தத் தெருவுல யாருக்கும் என்னையப் பிடிக்கல. சாமியத்தான் பிடிச்சிருக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சின்ன வயசுல பவுடரப் பூசுன. இப்ப சாமியப் பூசிட்ட. நான் எப்பம்மா நானா வெளிய போறது?"

அவனே முடிவும் சொன்னான். நீ சொன்ன சொல்லை நான் காப்பாற்றுகிறேன், மொட்டைக்கு உட்காருகிறேன், அன்றைக்கே பெங்களூர் போய்விடுவேன் என்றான். அந்த வாரமே ரேடியோ செட்டுக்காரர் வந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை வந்தவர்கள், சாமி காரியம் முடியட்டும் என்றுதான் நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவன் என்னோடு சண்டை போடவில்லை. சாப்பாடு வைக்கவா என்றால் ம் என்பான். தண்ணீர் வேண்டுமா என்றால் ம் என்பான். அம்மா என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

முதலில் எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. வேன் பேசிய மதினி மேல், ஜன்னலைத் திறந்த எதிர்வீட்டம்மா மேல், வடகிழக்குப் பையன் மேல். இந்த ஜமைக்கா கடலோடு முங்கிப்போகாதா என்றுகூட ஒருநாள் பாத்திரம் விளக்கும்போது திட்டினேன். எல்லோரையும் திட்டி முடித்த பிறகு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். வீட்டுக்காரரிடம் போய் அழுதேன். முடிதானே, போனால் வளர்ந்துவிடாதா என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டு கேட்டேன். "முடி வளந்துரும். அவன் திரும்பி வருவானான்னு பாரு" என்றார். வளவளவென்று பேசுகிற மனுஷரைக் கட்டியிருந்தால் இப்படிக் குத்தியிருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்தது. அவன் துணிப்பையைத் தூக்கிப் பின்னால் போட்டான். கோவிலிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்ட். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். கடச்சனேந்தல் தாண்டி, அப்பன்திருப்பதி தாண்டி, மலை தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் எல்லோரும் கோவிந்தா போட்டார்கள். முன்சீட்டில் அந்தச் சடைகள் வண்டியின் குலுக்கலுக்கு ஆடிக்கொண்டே வந்தன. மூன்று வருடம் வளர்த்தது. கண்ணாடியில் தன்னை முழுசாகப் பார்க்க அவனுக்கு மூன்று வருடமும் ஒரு தீவின் பாட்டும் தேவைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அதைச் சிரைத்துக் கீழே தள்ளப்போகிறார்கள். என் ஒரு வாய்ச்சொல்லுக்காக.

முதலில் கருப்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று மதினி கூட்டிக்கொண்டு போனார். கதவு முழுக்கச் சந்தனம். எலுமிச்சையும் சாம்பிராணியும் வெயிலும் கலந்த வாசம். மதினி மாலையைக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பினார். அப்பா கருப்பா, அப்பா கருப்பா என்று அந்தப் பெரிய குரல் குழைந்தது. எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. கறுப்பு என்ற பெயரைச் சொல்லி இங்கே இத்தனை பேர் விழுந்து கும்பிடுகிறோம். இதே வாயால்தான் என் பிள்ளையைக் கருவாப்பயலே என்றோம், அதற்குப் பவுடரும் பூசினோம். மதினி கண்ணைத் திறந்து, பிள்ளைக்கு நேர்ந்தது நிறைவேறப்போகுதுன்னு சொல்லிக் கும்பிடுத்தா என்றார். எல்லோரும் எனக்காகக் காத்து நின்றார்கள்.

அந்தக் கதவுக்கு முன்னால் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. பயம் பாதி என்றால் வெட்கம் பாதி.

"மதினி, நான் எதுவும் நேரல. பொய் சொன்னேன். அது அழகருக்கு வளத்த முடி இல்ல. அவனுக்குப் பிடிச்சு அவன் வளத்தது. எனக்குத்தான் ஊரு என்ன சொல்லுமோன்னு வெக்கமா இருந்துச்சு."

என் வகுப்பறைக் குரலிலேயே சொன்னேன் போல, பக்கத்தில் நின்ற வேறு குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருப்பன் வாசலில் நின்றுகொண்டு என்ன பேச்சு பேசுகிறாய் என்றார். கோபத்தைவிட அவர் முகத்தில் பயம்தான் இருந்தது. அழகருக்கென்று ஒருதரம் வாயால் சொல்லிவிட்டால், பொய்யாய்ச் சொன்னாலும் அது நேர்ந்ததுதானே, முடி கொடுக்காமல் திரும்பினால் குடும்பத்துக்கு ஆகுமா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். எங்கள் ஆட்களுக்கு அதுதான் கணக்கு. அப்போது என் மகன் முன்னால் வந்து, நான்தான் வந்துட்டேனே அத்தை, எடுத்துரலாம் என்றான்.

எனக்கு வந்ததே கோபம்.

"நீ உக்காந்தீனா கன்னத்துல ரெண்டு போடுவேன். சொன்னது என் வாயி. போறது என் முடியா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு நின்றால் மனசு மாறிவிடுமோ என்று மொட்டை போடும் மண்டபத்துக்கு வேகமாக நடந்தேன். வீட்டுக்காரர் கூடவே ஓடி வந்தார். நாவிதர், பூமுடியா மொட்டையா என்று கேட்டார். பெண்கள் நுனியில் கொஞ்சம் கொடுத்தால் போதும், பூமுடி என்று பெயர், அதுவே கணக்கில் சேரும். பின்னாலேயே வந்த மதினியும், பொம்பளைக்குப் பூமுடி போதும்த்தா, திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போகணும்ல என்றார். அந்தக் குரல் முதல்முறையாகத் தாழ்ந்து கேட்டது. ஒரு நொடி எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய்யை முழுசாகத்தானே சொன்னேன், முடியையும் முழுசாக எடுங்கள் என்றேன்.

வீட்டுக்காரர் என் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை அவரே கழற்றினார். ஊக்குகளை ஒவ்வொன்றாய் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முப்பது வருடத்தில் என் தலையில் அவர் கை பட்டது இரண்டோ மூன்றோ தடவைதான் இருக்கும். தண்ணீரைத் தெளித்து, கத்தி வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். அழக்கூடாது என்று இருந்தேன், அழுதேன். வகுப்புப் பிள்ளைகள் என்ன பெயர் வைக்கும் என்று நினைத்து அழுதேனா, அவன் பையை வேனிலேயே வைத்திருக்கிறான் என்று அழுதேனா தெரியவில்லை. நடுவில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. யாரோ சொம்பில் கொண்டுவந்து நாவிதருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கண்ணைத் திறந்து கால்களைப் பார்த்தேன். என் மகன் கால்.

நாவிதர் அவன் சடையை ஒருதரமும், மடியில் விழுந்த என் முடியை ஒருதரமும் பார்த்தார். எண்ணெய் விட்டு இழுத்துக் கட்டியிருந்ததால் தெரியவில்லை, உங்களுக்கும் நல்ல சுருட்டைதான் போல, தம்பிக்கு வந்தது உங்க முடிதான் என்றார்.

"ஆமா, என் முடிதான்" என்றேன். அந்த வார்த்தையை அதுவரைக்கும் யாரிடமும் நான் சொன்னதில்லை.

தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டு சாமி கும்பிட்டு வந்தோம். கோவில் பிரசாதமான தோசையைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். படிக்கட்டில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். மதினி என் பக்கமே திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் என் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சடையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். சூடாக இருக்குமோ என்பதுபோலத் தொட்டார்.

"இத எப்பிடிடா கழுவுற?"

வைகாசியிலிருந்து எத்தனையோ பேர் அந்த முடியைக் கும்பிட்டிருக்கிறார்கள். எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். அதை எப்படிக் கழுவுகிறாய் என்று கேட்ட முதல் ஆள் மதினிதான். நான்கூடக் கேட்டதில்லை. அவன் முதலில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். வாரத்துக்கு ஒருதரம் ஷாம்பு, நன்றாகப் பிழிய வேண்டும், வெயிலில் முழுக்கக் காய வேண்டும், இல்லாவிட்டால் வாடை வந்துவிடும் என்றான். பேன் வராதா என்று கேட்டார். வராது அத்தை என்றான். இம்புட்டுப் பாரம் கழுத்து வலிக்காதா என்றார். யாருடா இதை முதலில் வளர்த்தது என்றார். அவன் ஜமைக்காவிலிருந்து ஆரம்பித்தான். தறிக்காரப் பொம்பளை ஒருத்தி தோசையைக் கையில் வைத்துக்கொண்டு, கரும்புக்காட்டில் வேலை பார்த்தவர்களின் கதையை, ஐயோ பாவம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேன்காரர் ஹாரன் அடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகுதாடா, இன்னைக்கே போயாகணுமா என்றார் மதினி. திங்கட்கிழமை போனால்கூடப் போதும் அத்தை என்றான்.

நான் எழுந்து இரண்டு படி கீழே வெயிலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போகலாமா என்று தெரியவில்லை. அவன் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்தான்.

"அம்மா, வெயில்ல நிக்காத. தலை சுடும். இங்க வா."

பத்தொன்பது நாள் ஆகியிருந்தது அவன் அப்படிக் கூப்பிட்டு. போய் உட்கார்ந்தேன்.